அண்ணியின் நான்காவது கால்

எங்கள் ஆய்வுகூடக் கதவில் ஒரு பலகை தொங்கியது. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மூச்சுப் பிடித்துக்கொண்டு வாசிக்க வேண்டிய நீளமான பெயர். நுண்ணறிவு உற்பத்தி, தனியாளுக்கேற்ற மருத்துவக் கருவிகள் என்று அதற்குத் தமிழில் பொருள் சொல்லலாம். அங்கே இயந்திரத்தை ஓட்டிய சிங்களவர் அந்தப் பலகையை ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அவர் அந்த இடத்தை ‘கக்குல் கடே’ என்பார். கால் கடை. பல்கலைக்கழகம் முழுவதும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

கடைக்கு முதலாளி மேடம். யாழ்ப்பாணத்துக்காரர், எனக்கு விரிவுரையாளராக இருந்தவர். பருத்திச் சேலைக்குக் கீழே ஓட்டக்காரர்கள் போடுகிற சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வளாகமெல்லாம் நடப்பார். நான் பொறியியல் படித்து முடித்தபோது, கொழும்பில் ஏதாவது கம்பெனியில் காய்ந்த அறைக்குள் உட்கார்ந்து வேலை பார்ப்பதுதான் என் ஆசை. மஸ்கெலியாவுக்கு மேலே, வருடத்தில் பாதி மழையில் ஊறுகிற ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவள், காய்ந்த இடத்துக்கு ஆசைப்பட்டதில் என்ன தப்பு? மேடம் கூப்பிட்டு, ஆராய்ச்சி உதவியாளராக இருக்கிறீரா என்று கேட்டபோது, வேறு வேலை கிடைக்கும்வரைக்கும் என்றுதான் தலையை ஆட்டினேன். பிறகு வேலைகள் வந்தன. நான் போகவில்லை.

போகாததற்குக் காரணம் அந்த ஆராய்ச்சிதான். செயற்கைக் காலில் பாதம் பெரிய விஷயமில்லை, அதை எங்கிருந்தாவது வாங்கிவிடலாம். மிச்சமிருக்கிற கால் போய் உட்காரும் கிண்ணம் போன்ற பகுதி ஒன்று உண்டு. சொக்கட் என்போம். முழு வித்தையும் அதில்தான். ஒருவருக்குச் செய்த சொக்கட் இன்னொருவருக்கு ஆகாது. எலும்பு துருத்துகிற இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும், சதை தாங்குகிற இடத்தில் அழுத்த வேண்டும். வழக்கமாக இதைப் பரிஸ் சாந்தில் அச்செடுத்து, கையால் சுரண்டியும் பூசியும் செய்வார்கள். நன்றாகச் செய்கிறவர்கள் நாட்டில் கொஞ்சப் பேர்தான். சண்டை இன்னும் ஓயாத காலம் அது. கால் இழந்தவர்களோ வரிசையில் நின்றார்கள்.

மேடம் அந்தக் கைப்பக்குவத்தைக் கணினிக்குப் பழக்க நினைத்தார். காலின் மேல் மெல்லிய வெளிச்சக் கோட்டை ஓடவிட்டுச் சுற்றிவரப் படமெடுப்போம். கணினி அதிலிருந்து காலின் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். இதற்கு முன் செய்த கால்களில் எது நன்றாக நடந்தது, எது எங்கே வலித்தது என்றெல்லாம் அதற்கு ஊட்டியிருந்தோம். அதை வைத்து, இந்த ஆளுக்கு எந்த இடத்தில் அழுத்தலாம் என்று தானே முடிவுசெய்து இயந்திரத்துக்குச் சொல்லும். இயந்திரம் யாரும் தொடாமலே அச்சைச் செதுக்கும். முதல்தடவை அது செதுக்கியதைப் பார்த்தபோது நான் வாயைத் திறந்தபடி நின்றேன். கத்தி ஒரு நொடி தயங்கி, எலும்பு இருக்கிற இடத்தைத் தெரிந்ததுபோல் விலகிப் போனது. இயந்திரக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் பிள்ளை பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதுபோல் தலையை நிமிர்த்திக்கொண்டார்.

இப்படி ஊராருக்குக் கால் செய்துகொண்டிருந்த எனக்கு, வீட்டிலேயே ஒரு கால் தேவைப்படும் என்று யார் நினைத்தது?

அண்ணி என்று நான் சொல்வது என் அண்ணனின் மனைவியை. எங்கள் அப்பாவும் அம்மாவும் போன பிறகு லயத்தில் எங்கள் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், இருந்தவர் அவர் ஒருவர்தான். அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் வேலை, தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வருவான். நான் விடுமுறைக்குப் போவேன். அண்ணி என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர் என்பதால் எங்களுக்குள் மரியாதை குறைவு, வாய் அதிகம். நான் அவர் வைத்த குழம்பைக் குறை சொல்வேன். அவர் என் படிப்பைக் குறை சொல்வார். கொழுந்து பறிப்பதில் அவர் கை ஓடும் வேகத்துக்குக் கண் ஓடாது. மலையில் அவர் போடுகிற சத்தம் ரோட்டுக்குக் கேட்கும்.

ஒரு மழை நாளில், கொழுந்து நிறுக்கிற இடத்தில், பின்னுக்கு வந்த லொறி சேற்றில் வழுக்கியது. யாரையும் குறை சொல்ல முடியாத விபத்து என்று எல்லோரும் சொன்னார்கள். அண்ணியின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து கக்கத்தில் கட்டை ஊன்றி வந்தவரைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில் போட்டார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. உட்கார்ந்து தொட்டில் ஆட்டும் வேலை. அண்ணிக்கு அது சிறை. தோட்டத்தை நடத்துகிற தொரை மோசமானவர் இல்லை, ஆனால் அங்கே ஏற்கெனவே ஒருத்தி இருக்க இரண்டாவது ஆளுக்கு வேலை இல்லை என்று தெளிவாகவே சொல்லிவிட்டார். மழைக்காலம் முடிவதற்குள் மற்றவர்களைப்போல மலையில் ஒரு முழுநாள் நின்று பறித்துக் காட்டினால் அண்ணியின் பெயர் செக்ரோலில், அதாவது வேலையாட்களின் பதிவேட்டில், இருக்கும். இல்லாவிட்டால் பெயரை வெட்டுவார்கள். தோட்டத்தில் பெயர் போனால் காம்பராவும் போகும். அண்ணன் கொழும்புக்கு வந்துவிடு என்றான். கடைக்குப் பின்னால் ஓர் அறை எடுக்கலாம் என்றான். அண்ணி அதற்குப் பதிலை என்னிடம்தான் சொன்னார்.

“கொழும்புல போயி நான் எந்தச் செவுத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கிறது? நீ ஊருக்கெல்லாம் காலு செய்யிற புள்ளதானே. எனக்கொண்ணு செய்யி. நான் மலைக்குப் போகணும்.”

கேட்டபோது எனக்குப் பெருமையாகவும் பயமாகவும் இருந்தது. மேடத்திடம் சொன்னேன். அவர் உடனே நாள் குறித்தார்.

அண்ணி பல்கலைக்கழகத்துக்குப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். காலை அளக்க வருகிறவர் பட்டில் வந்தால் எப்படி என்று நான் பல்லைக் கடித்தேன். மேடம் கதவைச் சாத்தி, ஒரு துணியைக் கொடுத்து, தானே தரையில் உட்கார்ந்து அளவெடுத்தார். இங்கே அழுத்தினால் வலிக்குதோ, இங்கே எப்படி என்று தொட்டுத் தொட்டுக் கேட்டார். அண்ணி எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னார்.

“நல்லா இருக்குங்க.”

எங்கள் தோட்டத்து ஆட்கள் இப்படித்தான். தொரை கேட்டாலும் டாக்டர் கேட்டாலும் நல்லா இருக்குங்க. கேட்கிறவர் நாற்காலியில் உட்காருகிறவர் என்றால் நமக்கு வலிக்கக் கூடாது. என்னிடம் வாய் கிழியப் பேசுகிற அண்ணி, மேடத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். போதாக்குறைக்கு மேடத்தின் யாழ்ப்பாணத் தமிழ் அவருக்குக் கோபத்தில் பேசுவதுபோல் கேட்டதாம். என்ன தப்புச் செய்தேன் என்று என்னிடம் கிசுகிசுத்தார்.

முதல் கால் அருமையாக அமைந்தது. தாழ்வாரத்தில் அண்ணி அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். மாணவர்கள் கை தட்டினார்கள். இயந்திரக்காரர் தன் பணத்தில் எல்லோருக்கும் பனிஸ் வாங்கிக் கொடுத்தார். அண்ணி பட்டுச் சேலையில் இரண்டு காலோடு பஸ் ஏறினார். நானும் இனி ஒரு கவலையும் இல்லை என்று நினைத்தேன்.

அடுத்த முறை நான் ஊருக்குப் போனபோது அண்ணி கட்டையில்தான் நடந்துகொண்டிருந்தார். கால் மூலையில் சாத்தியிருந்தது. துணியை விலக்கிப் பார்த்தேன். மிச்சக் காலின் தோல் உரிந்து சிவந்திருந்தது. காலையில் பிள்ளைக் காம்பராவுக்குப் போகுமுன் பக்கத்து மலையில் ஏறிப் பழகினாராம். ஏறினால் கால் கழன்று கீழே வருகிறது, திரும்பினால் உள்ளே சுற்றுகிறது. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். மேடம் எவ்வளவு பாடுபட்டாங்க, அவங்ககிட்டப் போய்க் குறை சொல்றதா என்றார்.

சொக்கட் தளர்வு என்று கணினியிடம் சொன்னோம். அது ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கி இரண்டாவது காலைச் செதுக்கித் தந்தது.

அதை நானே அரிசிச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனேன். வழியில் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். தமிழ்ப் பெயரும் கையில் நீளமாக ஒரு சாக்கும் என்றால் கேட்கவா வேண்டும்? இதில் என்ன என்று ஒரு இளம் சிப்பாய் சிங்களத்தில் கேட்டான். கால் என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. சாக்கை அவிழ்த்துக் காட்டினேன். அவன் துப்பாக்கியைத் தோளில் தள்ளிவிட்டு அதை இரண்டு கையாலும் வாங்கினான். சொக்கட்டுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தான். எங்கே செய்தது, உள்ளே வலிக்காதா, எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். தன் கூட்டாளி ஒருவனுக்கு இரண்டும் இல்லை என்றான். கடைசியில் தானே சாக்கில் சுற்றி, பஸ்ஸில் ஏற்றி, என் மடியில் வைத்துவிட்டுப் போனான். நாங்கள் செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

ஆனால் அந்தக் காலும் கழன்றது. மூன்றாவது காலைக் கணினி இன்னும் இறுக்கியது. அதற்கு ஆய்வுகூடத்தில் ஒரு குறையும் இல்லை. மலையில் மட்டும் வழுக்கியது. இறுக்க இறுக்கப் புண்தான் கூடியது. நான் சும்மா இருப்பேனா? மேல்மலைக் குளிரில் காலின் சதை சுருங்குகிறது, அதனால்தான் சொக்கட் தளர்கிறது என்று ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். நிறம் நிறமாகக் கோடு கீறி, ஒரு கூட்டத்தில் எழுந்து பேசியும் விட்டேன். பெரியவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். மேடம் மட்டும் ஆட்டவில்லை. வெளியே வந்ததும், நீர் சொல்றது சரியாயும் இருக்கலாம், ஆனால் நாங்கள் ஒருத்தரும் அந்த மலையைப் பார்க்கேல்லையே என்றார். நான் பிறந்து வளர்ந்த மலை, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குள் எரிந்தது. அடுத்த கிழமையே அவர் என்னோடு பஸ் ஏறினார்.

மழை கொட்டுகிற பருவம். ஹட்டனில் பஸ் மாறி, மஸ்கெலியாவில் இன்னொன்று மாறி, மிச்சத்தை நடந்தோம். இந்த இடத்துக்கு ஒரு விரிவுரையாளர் வந்து லயத்துக் காம்பராவில் பாய் போட்டுப் படுத்தது எனக்கு இன்றைக்கும் அதிசயம்தான். மூட்டைப்பூச்சி கடித்ததைக்கூடக் காலையில் நான்தான் கண்டுபிடித்தேன். அண்ணி பால் இல்லாத தேநீர், எங்கள் சாயத்தண்ணி, போட்டுக் கொடுத்துவிட்டு பீலிக்கரைக்குப் போனார். லயத்துக்கே தண்ணீர் வருகிற குழாயடி அது. பெண்கள் பெரட்டுக்குப் போகுமுன், அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்குப் போகுமுன், அங்கே கூடுவார்கள். மேடமும் கோப்பையோடு பின்னால் போய் நின்றார்.

அண்ணி கல்லில் உட்கார்ந்து வலது காலில் பாதத்திலிருந்து தொடைவரை சவர்க்காரத்தைத் தேய்த்தார். கழுவவில்லை. மழைக்காலத்தில் மலைக்குப் போகிற எல்லோரும் செய்வதுதான், சவர்க்காரம் இருந்தால் இரத்தம் குடிக்கிற அட்டை ஏறாது. பிறகு இடது பக்கத்து மிச்சக் காலில் தேய்த்தார். பிறகு பிளாஸ்டிக் காலை மடியில் எடுத்து வைத்து, அதன் பாதத்திலிருந்து மேலே, ஒரு இடம் விடாமல், விரலை விட்டு சொக்கட்டின் உள்விளிம்பு வரைக்கும் தேய்த்தார். தேய்த்துவிட்டு அதைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

மேடம் கோப்பையைக் கீழே வைத்தார்.

“என்னத்துக்கு சவர்க்காரம் பூசுறீங்கள்?”

“அட்டைக்குங்க.”

“இந்தக் காலுக்குமோ?”

அண்ணி தன் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். அவருக்கே அப்போதுதான் உறைத்தது. முகம் சிவந்துவிட்டது. சுற்றி நின்ற பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். பிளாஸ்டிக்கைக் கடிக்க அட்டைக்கு என்ன பைத்தியமா என்று ஒருத்தி கேட்டாள்.

“கை அது பாட்டுக்குப் போயிருச்சுங்க,” என்றார் அண்ணி. “எங் காலுதானே, தனியாத் தெரியலைங்க.”

சிரிப்பு நின்றது. நானும் சிரித்துக்கொண்டிருந்தவள்தான். மூன்று முறை தோலை உரித்துப்போட்ட ஒரு சாமானை, யாருக்கும் சொல்லாமல், இவர் தன் கால் என்று ஏற்றுக்கொண்டிருந்தார். எங்கள் கணினிக்கு ஊட்டிய எந்தத் தகவலிலும் அது இல்லை.

மேடம் மலைக்கு அண்ணியோடு ஏறினார். மழை இறங்கியதும் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தார். தோலிலிருந்தும் உள்விளிம்பிலிருந்தும் கரைந்த சவர்க்காரம் சொக்கட்டுக்குள் இறங்கி, நுரைத்து, வெளியே போக வழியில்லாமல் அங்கேயே நின்றது. அதில் கால் வழுக்காமல் என்ன செய்யும்? இறுக்க இறுக்க நுரை இன்னும் அடைபட்டது. ஆய்வுகூடத்தில் அட்டையும் இல்லை, சவர்க்காரமும் இல்லை, கால் தங்கம்போல நின்றது. என் குளிர் விளக்கம் அந்த நுரையோடு போய்விட்டது. அண்ணி தலையைக் குனிந்துகொண்டு, நாளையிலிருந்து பூசலைங்க என்றார். நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன். இவ்வளவு பெரிய ஆராய்ச்சிக்கு எவ்வளவு சின்ன முடிவு!

மேடம் அண்ணியின் தோளில் கையை வைத்தார்.

“நீங்கள் சவர்க்காரத்தை நிப்பாட்ட வேண்டாம். நாங்கள் காலை மாத்துறம்.”

திரும்பிப் போகும் வழியெல்லாம் அவரோடு சண்டை போட்டேன். பூசாதே என்றால் முடிந்துபோகிற விஷயத்துக்கு மறுபடி கணினியை உட்கார வைப்பதா, மழைக்காலம் ஓடுகிறதே, பெயரை வெட்டிவிடுவார்களே என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். இன்றைக்குப் பூச மாட்டேன் என்பார், நாளைக்குக் கை தானாகப் போகும், மறுபடி புண் வரும், மறுபடி எங்களிடம் நல்லாயிருக்கு என்பார் என்றார். அதோடு, அட்டை பிளாஸ்டிக்கில் ஏறினால் தொடைக்கு வராமல் எங்கே போகும் என்றும் கேட்டார். எனக்குக் கோபம் மட்டும் தணியவில்லை.

மஸ்கெலியா பஸ் நிலையத்தில் ஹட்டன் பஸ்ஸுக்காக மழையில் நின்றோம். மேடத்தைக் காணவில்லை. தேடினால், நின்றிருந்த ஒரு பஸ்ஸின் டயருக்குப் பக்கத்தில் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு குந்தியிருந்தார். டயரில் இருக்கிற பள்ளங்களுக்குள் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். நடத்துநர் ஓடிவந்து, காற்றுப் போய்விட்டதா என்று பதறிக் கேட்டான். மேடம் அவனைப் பார்த்து, தண்ணி எப்பிடிப் போகுது எண்டு பார்க்கிறன் தம்பி என்றார். அவன் என்னைப் பார்த்து, இவருக்கு எங்கே வைத்தியம் நடக்கிறது என்பதுபோல் கண்ணைக் காட்டினான். என் கோபம் அந்த இடத்திலேயே கழன்றுவிட்டது. இந்த மனுஷி எங்கே நின்றாலும் அண்ணியின் காலுக்குள்தான் நிற்கிறார் என்று தெரிந்துபோயிற்று.

பிறகு கால் கடை சலவைக் கடை ஆனது. சவர்க்காரக் கட்டிகளை வாங்கி அடுக்கினோம். அண்ணியின் மிச்சக் காலின் வடிவத்தில் ரப்பர் அச்சு ஒன்று செய்து, சவர்க்காரம் பூசி, சொக்கட்டுக்குள் விட்டு, ஏறி இறங்குவதுபோல் இயந்திரத்தால் அசைத்தோம். மழைக்கு இயந்திரக்காரர் தன் வீட்டுப் பூவாளியைக் கொண்டுவந்தார். அதைத் தூக்கிப் பிடித்து மணிக்கணக்கில் ஊற்றிக்கொண்டே சிங்களப் பாட்டுப் பாடுவார். அடுத்த துறை மாணவர்கள் மணம் பிடித்து எட்டிப் பார்த்துவிட்டு, உடுப்புக் கொண்டுவரலாமா என்று கேட்பார்கள்.

டயர்போலப் பள்ளம் கீறினால் நீர் போய்விடும், உண்மைதான். ஆனால் டயருக்கு வலிக்காது, தோலுக்கு வலிக்கும். பள்ளம் எவ்வளவு ஆழம், எங்கே தொடங்கி எந்த வளைவில் கீழே இறங்க வேண்டும், எலும்புப் பக்கம் எங்கே மழுங்க வேண்டும் என்பதெல்லாம் ஒவ்வொரு காலுக்கும் வேறு. கையால் ஒருவர் உட்கார்ந்து அதைச் செய்ய முடியாது. கணினிதான் செய்தது. ஒவ்வொரு சோதனை முடிய நாங்கள் அதற்குச் சொன்னோம். அது தன் கணக்கை மாற்றிக்கொண்டு, அடுத்ததை இன்னும் மெல்லியதாகக் கீறியது. கடைசியில் வந்த சொக்கட்டின் உட்புறத்தைப் பார்த்தால், ஈர மணலில் தண்ணீர் ஓடிய தடம் மாதிரி இருந்தது. அடியில் நீர் வெளியேற ஒரு வாய். இயந்திரக்காரர் சவர்க்காரத் தண்ணீரை ஊற்றினார். அது அமைதியாகக் கீழே இறங்கி வாளிக்குள் விழுந்தது. ரப்பர் கால் அசையவில்லை. யாரும் கைதட்டவில்லை. போன தடவை தட்டியது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

நான்காவது காலோடு மேடமும் நானும் மறுபடி தோட்டத்துக்குப் போனோம். அண்ணி அதைப் போட்டுக்கொண்டு மழையில் பழகினார். மேடம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நல்லா இருக்குங்க என்று வாயெடுத்த அண்ணி என்னைப் பார்த்தார். நான் முறைத்தேன். பின்பக்கம் கொஞ்சம் கிள்ளுதுங்க என்றார். மேடத்தின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. அன்றைக்கே அந்த இடத்தை அரத்தால் தேய்த்துக் கொடுத்தார்.

மறுநாள்தான் அண்ணி மலையில் நின்று காட்ட வேண்டிய நாள். பெரட்டில் கண்டாக்கு, அதுதான் வேலையைப் பிரித்துக் கொடுக்கிற வெளிக்கள உத்தியோகத்தர், நல்ல மனதோடு அண்ணியை ரோட்டோரத்துத் தட்டை நிலத்துக்குப் போகச் சொன்னார். அங்கே சின்னப் பிள்ளைகூட நின்று பறிக்கலாம். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அண்ணியின் பழைய கூட்டம் மட்டும் அன்று செங்குத்தான மேல்மலைக்குப் போவதாக இருந்தது.

“ஐயா, என்னைய அவங்களோடவே அனுப்புங்க,” என்றார் அண்ணி. “ரோட்டோரத்துல பறிச்சா நாளைக்கு நீங்களே நம்ப மாட்டீங்க.”

கண்டாக்கு தலையைச் சொறிந்தார். எனக்கு அண்ணியை அங்கேயே அறைய வேண்டும்போல் இருந்தது. வழுக்கினால் பெயர் போகும், காம்பரா போகும், கொழும்புச் சுவர்தான். அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. இடுப்பில் படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு ஏறிவிட்டார்.

மேடமும் நானும் கீழே ரோட்டில் நின்றோம். நடையைப் படமெடுக்க மேடம் ஒரு வீடியோ கமரா கொண்டுவந்திருந்தார். முற்பகல் வெயில் அடித்தது. அண்ணியின் சத்தம்கூடக் கேட்டது. மதியத்துக்குப் பிறகு மலையைப் புகார் என்கிற பனிமூட்டம் மூடியது, மழை பிடித்துக்கொண்டது. நான் குடையைப் பிடித்தபடி, தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டு நின்றேன். பொறியியல் படித்தவள் என்று எனக்கு அப்போது நினைப்பே இல்லை.

புகார் கொஞ்சம் விலகிய நேரத்தில் தொரையின் ஜீப் வந்து நின்றது. கண்டாக்கும் கூட இறங்கினார். மேலே பெண்கள் ஒரு பாத்தி முடித்து அடுத்ததற்கு மாறிக்கொண்டிருந்தார்கள். வரிசையாக வெளியே வந்து, நிறைந்த கூடையோடு மழைநீர் ஓடுகிற கானைத் தாண்டி, சரிவில் குறுக்கே ஏறினார்கள். தலையில் பொலித்தீன், இடுப்பில் படங்கு, அதற்குக் கீழே கால்கள். மூன்றாவது காலோடு நடந்தபோது அண்ணியை அடுத்த மலையிலிருந்தே கண்டுபிடிக்கலாம், இடுப்பை அப்படி வெட்டி வெட்டிப் போடுவார். தொரை தோட்டத்தில் பழகிய தமிழில் எங்களைக் கேட்டார்.

“அந்தப் பொம்பள எது?”

நான் ஒவ்வொருவராகப் பார்த்தேன். எல்லோரும் கூடைக்காக முன்னே குனிந்திருந்தார்கள். எல்லோரும் ஒரு காலை மேலே ஊன்றி, மற்றதைப் பார்த்துப் பார்த்து வைத்தார்கள். கானைத் தாண்டும்போது ஒருவராவது தடுமாறுவார், அதுதான் அண்ணி என்று காத்திருந்தேன். யாரும் தடுமாறவில்லை. கண்டாக்கு ஒருத்தியைக் காட்டி இது என்றார். அவள் திரும்பியபோது அது வேறு யாரோ. மேடம் கமராவுக்குள் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையசைத்தார். என் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, அதற்குப் பிறகு எனக்கு ஒருவரும் தெரியவில்லை.

“தெரியலைங்க,” என்றேன்.

தொரை தொப்பியில் மழை வழிய, கடைசிப் பெண்ணும் கானைத் தாண்டி ஏறும்வரை அங்கேயே நின்று பார்த்தார். பிறகு கண்டாக்கின் பக்கம் திரும்பினார்.

“பேர் இருக்கட்டும்,” என்றார்.